பட்டாளத்துத் தாத்தாவும் பழைய பேப்பர் படமும்: வாசகர் கேள்வி – பதில்

யுத்த காலப் பத்திரிகைப் படங்களை வைத்துக்கொண்டு குடும்பத்துச் சிப்பாயைத் தேடுகிறவர்கள் நம் வாசகர்களில் இத்தனை பேர் இருப்பார்கள் என்று எதிர்பார்க்கவில்லை. பாதிக் கடிதங்கள் ஒரே கேள்விதான்: பெட்டியில் ஒரு பேப்பர் துண்டு இருக்கிறது, அதில் ஒரு முகம் இருக்கிறது, அது எங்கள் தாத்தாவா? எல்லாருக்கும் தனித்தனியாக எழுத இடமில்லை, ஆகவே சில கடிதங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டதால் ஊர் மட்டும் போட்டிருக்கிறது.

எங்கள் தாத்தா ராணுவத்தின் பொறியியல் படையான மெட்ராஸ் சாப்பர்ஸில் இருந்தவர். இரண்டாம் உலகப் போரில் கடல் தாண்டிப் போய் வந்தார் என்பதைத் தவிர வேறு விவரம் தெரியாது. பாட்டியின் டிரங்குப் பெட்டியில் ஒரு பத்திரிகைத் துண்டு இருந்தது. சில சிப்பாய்கள் பெரிய இரும்புச் சட்டம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள். இடமிருந்து இரண்டாவது ஆள்தான் தாத்தா என்று பாட்டி காட்டுவார். கீழே இருந்த எழுத்து கிழிந்துவிட்டது. எந்தப் பத்திரிகை, எந்த வருடம், நிஜமாகவே அவர்தானா? – வாசகி, வேலூர்

முதலில் அந்தத் துண்டைத் திருப்பிப் பாருங்கள். படம் இருக்கும் பக்கத்தை வீட்டில் எல்லாரும் நூறு தடவை பார்த்திருப்பீர்கள், பின்பக்கத்தை யாரும் படித்திருக்க மாட்டீர்கள். தேதி அங்கேதான் ஒளிந்திருக்கும். அரை விளம்பரம், ரேஷன் உத்தரவு, பரீட்சை முடிவு, ஏதாவது ஒன்று. கோர்ட் ஏல நோட்டீஸ் அகப்பட்டால் யோகம்தான், வருடமும் ஊரும் அதிலேயே அச்சாகியிருக்கும். சினிமா விளம்பரமும் உதவும், ஆனால் 1944 தீபாவளிக்கு வந்து மூன்று தீபாவளி பார்த்த ஹரிதாஸாக இருந்துவிட்டால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

துண்டை லேமினேட் செய்யாதீர்கள், செல்லோடேப் ஒட்டாதீர்கள், இஸ்திரி போடாதீர்கள் (போடுகிறார்கள், நம்புங்கள்). மேல்மூடி உள்ள ஸ்கேனரில் இரண்டு பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். துண்டுக்குப் பின்னால் ஒரு கறுப்புக் காகிதம் வைத்தால் மறுபக்கத்து எழுத்து ஊடுருவித் தெரியாது. மொபைலில் எடுத்த படத்தில் அச்சுப் புள்ளிகள் சேர்ந்து கோடு கோடாக வரும், அதைப் பெரிதாக்கினால் முகமே மாறிப்போகும்.

அடுத்து, ஆட்களை விட்டுவிட்டு அந்த இரும்புச் சட்டத்தைப் பாருங்கள். நீங்கள் அனுப்பிய பிரதியில் தெரிகிற வரைக்கும் அது குறுக்குக் கம்பிகள் போட்ட, ஏறக்குறைய பத்தடி நீளமுள்ள சட்டம். மூன்று பேர் ஒரு பக்கம் தெரிகிறார்கள், மறுபக்கத்தில் இன்னும் மூன்று பேர் இருக்க வேண்டும். அது பெய்லி பாலத்தின், அதாவது துண்டு துண்டாகக் கொண்டுபோய் மாட்டும் ராணுவ இரும்புப் பாலத்தின் பேனல். ஒன்றின் எடை கிட்டத்தட்ட 260 கிலோ, ஆறு பேர் சேர்ந்து தூக்குவதுதான் முறை. போர்க்களத்துக்கு இந்தப் பாலம் வந்ததே 1942 கடைசியில்தான். ஆகவே இந்தப் படம் அதற்கு முந்தையது இல்லை. தாத்தா 1941-ல் எரித்ரியாவில் இருந்தார் என்று வீட்டில் யாராவது சொன்னால், அது உண்மையாக இருக்கலாம், ஆனால் இந்தப் படம் அங்கே எடுத்தது அல்ல. ஒரு முகத்தைப் பார்த்து இதில் பாதி கூடச் சொல்லியிருக்க முடியாது.

உடுப்பு அடுத்தது. கனமான கம்பளி உடுப்பா, தளர்ந்த பருத்திச் சட்டையா? மெட்ராஸ் சாப்பர்ஸ் கம்பெனிகள் இத்தாலியிலும் இருந்தன, பர்மாவிலும் இருந்தன. கம்பளியும் சேறுமாக இருந்தால் இத்தாலிக் குளிர்காலம் என்று முதலில் நினையுங்கள். ஒரு பக்கம் மடித்த அகல விளிம்புத் தொப்பி என்றால் பர்மாப் பக்கம். 1944 டிசம்பரில் பர்மாவில் களேவா என்ற இடத்தில் சிந்த்வின் ஆற்றின் மேல் 1,154 அடிக்கு ஒரு பெய்லி பாலம் போட்டார்கள், உலகிலேயே நீளமானது என்று அப்போது சொல்லப்பட்ட பாலம். படத்தில் ஆறு அகலமாகத் தெரிந்தால் அதையும் பட்டியலில் வையுங்கள். தோள்பட்டைக்குக் கீழே துணியில் தைத்த டிவிஷன் சின்னம் தெரிகிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். கழுகு என்றால் 4-வது இந்திய டிவிஷன், மூன்று பூ என்றால் 8-வது, கறுப்புப் பூனை 17-வது, கத்தி பிடித்த கை 19-வது. அந்த இடம் மட்டும் சுரண்டினாற்போலவோ மை பூசினாற்போலவோ இருந்தால் அது தணிக்கைக்காரர் வேலை. அதுவே போர் நடக்கும்போது வெளியான படம் என்பதற்கு ஓர் அடையாளம்.

இன்னொன்று, படம் இடவலம் மாறி அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். பிளாக் செய்யும்போது நெகட்டிவைத் திருப்பிப் போட்டுவிடுவது அந்தக் காலத்தில் சாதாரணம். ஆண்கள் சட்டையில் இடப்பக்கம் வலப்பக்கத்தின் மேல் படிந்திருக்கும், பதக்க ரிப்பன் அணிபவரின் இடது மார்பில் இருக்கும், துப்பாக்கியின் போல்ட் கைப்பிடி வலப்பக்கம் இருக்கும். இவை தலைகீழாக இருந்தால் உங்கள் ‘இடமிருந்து இரண்டாவது’ மூலப்படத்தில் வலமிருந்து இரண்டாவது.

சரி, மூலப்படம் எங்கே? சென்னைப் பத்திரிகைகள் பர்மாவுக்கும் இத்தாலிக்கும் சொந்தப் போட்டோகிராபரை அனுப்பிப் படம் எடுக்கவில்லை. ராணுவத்தின் சொந்தப் படப்பிடிப்பாளர்கள் எடுத்து, தணிக்கை செய்து, ஒரே படத்தைப் பல பத்திரிகைகளுக்குக் கொடுத்தார்கள். அதனால் உங்கள் துண்டு எந்தப் பத்திரிகை என்பது இரண்டாம்பட்சம். லண்டன் இம்பீரியல் வார் மியூசியத்தில் அந்த நெகட்டிவ்கள் இருக்கின்றன, பெருமளவு இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். எண்ணுக்கு முன்னால் ஐ.என்.டி. என்று இருப்பவை இந்திய ராணுவ அதிகாரபூர்வப் படங்கள், எஸ்.இ. என்பவை தென்கிழக்கு ஆசியா, என்.ஏ. என்பவை வட ஆப்பிரிக்காவும் இத்தாலியும், வெறும் இ. என்பவை மத்தியக் கிழக்கும் வட ஆப்பிரிக்காவும். அங்கே தாத்தா பெயரைப் போட்டுத் தேடிப் பயனில்லை. ‘இந்தியன் சாப்பர்ஸ்’, ‘பெய்லி பிரிட்ஜ்’, ‘மெட்ராஸ்’, ஆற்றின் பெயர், வருடம் என்று படத்தில் இருப்பதை ஆங்கிலத்தில் போட்டுத் தேடுங்கள். சிப்பாயின் பெயரைக் குறிப்பில் போடும் வழக்கம் ரொம்பக் குறைவு, பதக்கம் வாங்கினால்தான் பெயர். மெட்ராஸ் சாப்பர்ஸ் சுபேதார் சுப்பிரமணியன் 1944 பிப்ரவரியில் இத்தாலியின் மிஞ்ஞானோ பக்கம் கண்ணிவெடி மேல் தன் உடலைப் போட்டு மற்றவர்களைக் காப்பாற்றி ஜார்ஜ் கிராஸ் பெற்றார், அவரை யாரும் பெயர் தெரியாமல் விடவில்லை. பக்கத்தில் நின்றவர்கள் எல்லாம் ‘இந்தியத் துருப்புகள்’தான்.

இப்போது உங்கள் உண்மையான கேள்வி, அவர்தானா? இதற்குப் படம் பதில் சொல்லாது. தாத்தாவின் ராணுவ எண்ணும் கம்பெனி எண்ணும்தான் சொல்லும். டிஸ்சார்ஜ் சர்டிபிகேட், பென்ஷன் புத்தகம், மணியார்டர் ரசீது, பதக்கத்தின் விளிம்பு, இவற்றில் எங்காவது அந்த எண் இருக்கும். எதுவுமே இல்லை என்றால் உங்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்கள். பென்ஷன் இல்லாமல் வந்த இரண்டாம் உலகப் போர் வீரர்களுக்கும் அவர்கள் விதவைகளுக்கும் தமிழக அரசு மாதாமாதம் உதவித்தொகை கொடுக்கிறது. பாட்டி அதை வாங்கியிருந்தால் கோப்பில் எண், பெயர், படைப்பிரிவு எல்லாம் இருக்கும். அந்த எண்ணோடு பெங்களூரில் உள்ள மெட்ராஸ் இன்ஜினியர் குரூப் (மெட்ராஸ் சாப்பர்ஸின் இன்றைய பெயர்) ஆவணப் பிரிவுக்கு எழுதுங்கள். பென்ஷன் இல்லாதவர்களின் சர்வீஸ் காகிதங்களை 25 வருடத்தில் அழித்துவிடுவது விதி. அதனால் ‘கோப்பு இல்லை’ என்று பதில் வரும், அதோடு நின்றுவிடாதீர்கள். ‘லாங் ரோல்’ என்ற நிரந்தரப் பதிவேடு உண்டு, அதைப் பார்த்துச் சொல்லும்படி பெயர் குறிப்பிட்டுக் கேளுங்கள். கம்பெனி எண் கிடைத்துவிட்டால், அந்தக் கம்பெனி எந்தத் தேதியில் எந்த ஆற்றங்கரையில் இருந்தது என்பதை லண்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ள வார் டைரியில் (படைப்பிரிவு எழுதி வைத்த அன்றாடக் குறிப்பு) பார்க்கலாம். கேட்க வேண்டிய கோப்பு வரிசை இத்தாலிக்கு டபிள்யூ.ஓ. 170, பர்மாவுக்கு டபிள்யூ.ஓ. 172. படத்தின் தேதியும் இடமும் டைரியோடு பொருந்தினால் பாட்டி சொன்னது நடந்திருக்கக்கூடியது. பொருந்தாவிட்டால் அது வேறு யாரோ ஒருவருடைய தாத்தா.

அப்படி ஆனாலும் பாட்டி பொய் சொன்னார் என்று அர்த்தமில்லை. ஊருக்குத் திரும்பிய பலர், தான் இருந்த படத்தைத் தேடி வெட்டி வைக்கவில்லை, தான் செய்த வேலையைக் காட்டும் படத்தை வெட்டி வைத்தார்கள். ‘நாங்க இப்படித்தான் தூக்குவோம்’ என்று ஒரு தடவை சொன்னது, ஐம்பது வருடத்தில் ‘இதுதான் நான்’ என்று ஆகியிருக்கலாம்.

என் மகன் ஒரு செயலியில் பழைய பத்திரிகைப் படத்தையும் தாத்தாவின் கல்யாண போட்டோவையும் போட்டுப் பார்த்தான். ஒரே ஆள் என்று வந்தது. படத்தைத் தெளிவாக்கி, கலரும் கொடுத்துவிட்டது. இதை நம்பலாமா? – வாசகர், தஞ்சாவூர்

கூடாது. பத்திரிகைப் படத்தில் முகம் என்று நாம் பார்ப்பது கறுப்புப் புள்ளிகளின் கூட்டம். சின்னப் படத்தில் ஒரு முகத்துக்கு வந்த புள்ளிகளை உட்கார்ந்து எண்ணியே விடலாம். அந்தப் புள்ளிகளில் கண் இமையும் மூக்கு நுனியும் கிடையாது. செயலி அவற்றைத் தன் கைச்சரக்கிலிருந்து போட்டு நிரப்புகிறது, அப்புறம் தான் போட்ட மூக்கையே கல்யாண போட்டோவோடு ஒப்பிட்டு ‘ஒரே ஆள்’ என்கிறது. இதைச் சாட்சியாக எடுத்துக்கொண்டால் எந்தத் தாத்தாவையும் எந்தப் படத்திலும் ஏற்றிவிடலாம்.

கலர் இன்னும் மோசம். பதக்க ரிப்பனின் நிறவரிசைதான் அவர் எங்கே போனார் என்று சொல்வது. பர்மா ஸ்டாரும் ஆப்பிரிக்கா ஸ்டாரும் கறுப்பு வெள்ளையில் வெவ்வேறு சாம்பல் பட்டைகளாகத் தெரியும், அதை நிதானமாகப் பார்த்தால் ஓரளவு ஊகிக்க முடியும். கலர் போட்டபின் அந்த வித்தியாசமும் போய்விடும், எல்லா ரிப்பனும் ஏதோ ஒரு சிவப்பு நீலம். கலர் படத்தைச் சுவரில் மாட்டுங்கள், தப்பில்லை. தேடுவதற்கு மட்டும் ஸ்கேன் செய்த அசலையே வைத்துக்கொள்ளுங்கள். உருப்படியாக ஏதாவது செய்ய வேண்டும் என்று மகன் கேட்டால், அசலைக் கூகுள் லென்ஸில் போடச் சொல்லுங்கள். அங்கே ஒப்பிடப்படுவது முழுப் படம், முகம் அல்ல. அதே படம் வேறு எங்காவது குறிப்போடு இருந்தால் சில சமயம் அகப்படும்.

எங்கள் கொள்ளுத்தாத்தா முதல் உலகப் போருக்குப் போனவர். ‘பஸ்ரா’ என்ற ஒரு சொல்தான் குடும்பத்தில் மிச்சம். திரும்பி வரவில்லை. 1914-18 காலத்து ஆங்கிலப் படப் பத்திரிகைகளைப் பார்த்தேன், எல்லாம் சீக்கியர்களும் கூர்க்காக்களும்தான். தமிழர்கள் போகவே இல்லையா? – வாசகர், திருநெல்வேலி

போனார்கள், படத்தில் வரவில்லை, அவ்வளவுதான். ‘போர்க்குடிகள்’ என்று வெள்ளைக்காரர் வகுத்து வைத்திருந்த பட்டியலில் நம்மை அப்போது ஏறக்குறையக் கழித்துக் கட்டியிருந்தார்கள். லண்டன் வாசகருக்கு இந்தியச் சிப்பாய் என்றால் தாடியும் தலைப்பாகையும் வேண்டும், போட்டோகிராபரும் அதைத்தான் எடுத்தார். பிரான்சில் 1915-ல் கிர்ட்வுட் என்பவர் எடுத்த நூற்றுக்கணக்கான இந்தியப் படை போட்டோக்கள் பிரிட்டிஷ் லைப்ரரியில் இருக்கின்றன, அருமையான படங்கள். ஆனால் அதிலுள்ள சில ‘சண்டைகள்’ படத்துக்காக நடித்துக் காட்டியவை. அந்த நாள் படப் பத்திரிகையைப் பார்க்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

உங்கள் ஊர்ப் பெயரிலேயே ஒரு படை இருந்ததே: 63-வது பாளையங்கோட்டை லைட் இன்பென்ட்ரி. 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவில் டாங்கா என்ற துறைமுகத்தில் இறங்கி அடிபட்ட படைகளில் அதுவும் ஒன்று, 61-வது பயோனியர்ஸும் கூட இருந்தது. மெசபடோமியா, அதாவது உங்கள் ‘பஸ்ரா’, அங்கே மெட்ராஸ் சாப்பர்ஸும் கர்நாட்டிக் காலாட்படைகளில் சிலவும் வேலை பார்த்தன. போருக்குப் பின் 1922-ல் படைகளின் பெயரையும் எண்ணையும் மொத்தமாக மாற்றினார்கள், மெட்ராஸ் காலாட்படைகளை அந்தப் பத்தாண்டுக்குள் கலைத்தே விட்டார்கள். இப்போதைய மெட்ராஸ் ரெஜிமென்ட் இரண்டாம் உலகப் போர் சமயத்தில் திரும்ப எழுப்பியது. அதனால் கொள்ளுத்தாத்தாவைப் பற்றி அந்த ரெஜிமென்டின் தலைமையிடமான நீலகிரி வெலிங்டனுக்கு எழுதினால் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

திரும்பி வராதவர் என்பதால் உங்களுக்கு வேறு வழி இருக்கிறது. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியல் இலவசம். இந்தியச் சிப்பாய்களுக்குப் பல பதிவுகளில் தகப்பன் பெயர், கிராமம், தாலுகா, ஜில்லா வரை எழுதியிருப்பார்கள், அதாவது ஆளை அடையாளம் காண எந்தப் போட்டோவையும் விடச் சிறந்த சாட்சி. ஆனால் எழுத்துக்கூட்டல் வெள்ளைக்கார குமாஸ்தாவின் காதுக்கு எட்டியபடி. முனியசாமி என்றால் ‘சாமி’யை ஸ்வாமியாக, சாவ்மியாக, இன்னும் இரண்டு விதமாகப் போட்டுப் பாருங்கள், இல்லாவிட்டால் பெயரை விட்டுவிட்டு ‘டின்னெவெலி’ என்ற பழைய ஜில்லாப் பெயரையும் ரெஜிமென்டையும் வைத்து வடிகட்டுங்கள். பஸ்ரா நினைவிடத்தில் 40,000 பேருக்கு மேல் நினைவுகூரப்படுகிறார்கள், அதில் வெள்ளையருக்கும் இந்திய அதிகாரிகளுக்கும்தான் கல்லில் பெயர், இந்தியச் சாதாரணச் சிப்பாய்களுக்கு வெறும் எண்ணிக்கை. இந்தப் பாகுபாட்டை ஆணையமே 2021-ல் அறிக்கை போட்டு ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. கொள்ளுத்தாத்தா பெயர் கல்லில் இல்லை என்றால் போகவில்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

வீட்டில் பதக்கம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். அந்தப் போருக்கு வழக்கமாக இரண்டு கொடுத்தார்கள், ஒன்று வெள்ளி, ஒன்று வானவில் நிற ரிப்பனோடு வெண்கலம். வெள்ளி பல வீடுகளில் அடகுக்கடைக்குப் போய்விட்டது, வெண்கலம் யாருக்கும் வேண்டாம் என்பதால் மிஞ்சியிருக்கும். விளிம்பை ஈரத்துணியால் லேசாகத் துடைத்து (பிரஷ் வேண்டாம், பாலீஷ் வேண்டவே வேண்டாம்) சாய்வாக வெளிச்சத்தில் பிடித்தால் எண், பதவி, பெயர், படைப்பிரிவு, எல்லாம் வரிசையாகத் தெரியும்.

பஞ்சாபின் முதல் உலகப் போர்ப் பதிவேடுகளை இணையத்தில் ஏற்றியிருக்கிறார்களே, அதில் தேடலாமா என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். அது லாகூர் மியூசியத்தில் கிடைத்த பஞ்சாபிக் கிராமங்களின் கணக்கு, நமக்கு அதில் ஒன்றும் இல்லை. உங்கள் கிராமத்துச் சாவடிச் சுவரிலோ பள்ளிக்கூடத்திலோ ‘இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் பெரும்போருக்குப் போனார்கள், இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள்’ என்று ஆங்கிலத்தில் ஒரு கல்வெட்டு பதித்திருக்கிறதா என்று பாருங்கள். பெயர் இருக்காது, எண்ணிக்கைதான். ஆனால் எத்தனை குடும்பங்களை விசாரிக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

என் தந்தையின் சித்தப்பா மெட்ராஸிலிருந்து ராணுவத்தில் சேர்ந்து மலாயா போனவர். 1942-க்குப் பின் கடிதமே இல்லை. ஜப்பான்காரனிடம் கைதியாக இருந்தார் என்கிறார்கள், நேதாஜி படையில் சேர்ந்தார் என்கிறார்கள். நேதாஜி அணிவகுப்புப் படம் ஒன்றில் அவரைப் பார்த்ததாக ஓர் உறவினர் சத்தியம் செய்கிறார். – வாசகர், மதுரை

சத்தியத்தைத் தள்ளி வையுங்கள். 1943 ஜூலை 5-ல் சிங்கப்பூர் பாடாங் மைதானத்தில் நேதாஜி அணிவகுப்பைப் பார்வையிட்ட படங்கள் இந்தியாவில் ஆயிரம் புத்தகங்களில் வந்துவிட்டன. அந்தப் படங்களில் தன் சொந்தக்காரரைக் கண்டுபிடித்தவர்கள் எண்ணிக்கை அங்கே நின்ற படையை விட அதிகமாக இருக்கும் போலிருக்கிறது.

1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் விழுந்தது. இரண்டு நாள் கழித்து ஃபேரர் பார்க்கில் இந்தியச் சிப்பாய்களைத் தனியாகக் கூட்டி ஜப்பானியரிடம் ஒப்படைத்தார்கள், நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். அங்கேயிருந்து பாதை பிரிகிறது. ஒரு பகுதி இந்திய தேசிய ராணுவத்துக்குப் போனது. மறுத்தவர்களில் பலரைக் கூலிவேலைக்கு நியூகினி வரை கப்பலில் ஏற்றினார்கள். உங்கள் உறவினர் எந்தப் பாதை என்று தெரியாமல் படத்தைத் தேடுவதில் அர்த்தமில்லை, ஏனென்றால் இரண்டு பாதைக்கும் படங்கள் இருக்கும் இடமே வேறு.

நியூகினி என்றால் ஆஸ்திரேலியா பக்கம் போங்கள். 1945-ல் அந்தக் கைதிகளை மீட்டது ஆஸ்திரேலியப் படை, அவர்கள் எடுத்த படங்கள் கான்பெராவின் ஆஸ்திரேலியன் வார் மெமோரியல் தளத்தில் இலவசமாக இருக்கின்றன. எலும்பும் தோலுமாக நிற்கும் அந்த மனிதர்களின் பெயரையும் படைப்பிரிவையும் பல படங்களில் ஆஸ்திரேலியர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள், நம்மைப் போலத் தேடுபவர்களுக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரிந்து இல்லை. அந்த நாட்டுப் பழைய செய்தித்தாள்களை ‘டிரோவ்’ என்ற தளத்தில் வரிக்கு வரி தேடலாம், அதுவும் இலவசம். சிறையில் இறந்திருந்தால் சிங்கப்பூர் கிராஞ்சியில் உள்ள நினைவிடத்தில் பெயர் இருக்க வாய்ப்பு உண்டு. அங்கே 24,000-க்கும் மேற்பட்ட பெயர்கள், அதே கல்லறை ஆணையத்தின் பட்டியலில் வீட்டிலிருந்தே பார்க்கலாம்.

நேதாஜி படை என்றால், பழைய சிங்கப்பூர், மலாயா பத்திரிகைகளைச் சிங்கப்பூர் தேசிய நூலகம் ‘நியூஸ்பேப்பர் எஸ்ஜி’ என்ற தளத்தில் ஏற்றியிருக்கிறது. ஜப்பான் ஆட்சிக் காலத்து ‘சியோனான்’ பத்திரிகையும் உண்டு, தமிழ் முரசும் உண்டு. ஆக்கிரமிப்புக் காலப் படங்களைப் பிரச்சாரம் என்று நினைத்துப் பாருங்கள். எல்லாரும் சிரித்துக்கொண்டே இருப்பார்கள். ஆள் பெயர் தேட வேண்டிய இடம் படமே அல்ல, தியாகி ஓய்வூதியக் கோப்பு. மனைவியோ சகோதரரோ யாராவது மனுப் போட்டிருந்தால், எந்த முகாம், எந்தச் சிறை, யார் சாட்சி என்று எல்லாம் அதில் எழுதியிருக்கும். கலெக்டர் அலுவலகத்தில் கேளுங்கள், வாயால் கேட்டு நடக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேளுங்கள். ராணுவத்தில் இருந்து சேர்ந்தவருக்கு ராணுவ எண் உண்டு, தோட்டத்திலிருந்து நேரே சேர்ந்த தமிழர்களுக்கு அது கிடையாது. உங்கள் ஆளுக்கு உண்டு, அதை முதலில் கண்டுபிடியுங்கள்.

தமிழ்ப் பத்திரிகைகளின் யுத்த கால இதழ்களை எங்கே பார்ப்பது? – வாசகி, கோயம்புத்தூர்

சென்னை தரமணி ரோஜா முத்தையா நூலகம், கன்னிமாரா, எழும்பூர் ஆவணக் காப்பகம், இந்த மூன்றில் ஆரம்பியுங்கள். சுதேசமித்திரன், தினமணி, ஆங்கிலத்தில் தி ஹிந்து, மெயில். போவதற்கு முன் மாதத்தையாவது தீர்மானித்துக்கொள்ளுங்கள், ஆறு வருட யுத்தத்தை ஒரு நாளில் புரட்ட முடியாது. காகிதப் பஞ்சத்தில் பக்கங்கள் மெலிந்துபோன காலம், அதனால் போகப் போகப் படங்களும் குறைவு. மைக்ரோபிலிமில் பார்க்கச் சொன்னால் ஒரு விஷயம்: எழுத்து நன்றாகத் தெரியும், படமெல்லாம் கறுப்புத் திட்டாக இருக்கும். பிலிமில் குறிப்பைக் கண்டுபிடித்துத் தேதியைக் குறித்துக்கொண்டு, அந்த ஒரு நாளின் அசல் தொகுதியைக் காட்ட முடியுமா என்று பணிவாகக் கேளுங்கள். மொத்தத் தொகுதியையும் கேட்டால் தர மாட்டார்கள், ஒரு நாள் என்றால் சில சமயம் மனது இரங்கும்.

ராணுவமே நடத்திய பத்திரிகையும் ஒன்று உண்டு. 1909-ல் ஃபௌஜி அக்பார் என்று ஆரம்பித்து, 1954-ல் சைனிக் சமாச்சார் ஆனது, தமிழிலும் வந்திருக்கிறது. கோப்பை வாங்கிக்கொண்டு நிற்பது, விளையாட்டுப் போட்டி, சமையல்கூடம் என்று பொதுப் பத்திரிகை தொடாத சின்னச் சின்னப் படங்கள் அதில்தான் இருக்கும்.

இப்படிக் கிடைக்கும் படத்தைக் குடும்ப வரலாற்றுப் புத்தகத்தில் போடலாமா? கேஸ் வருமா? – வாசகர், சேலம்

வராது. 2012-ல் மாற்றும் வரை இந்தியச் சட்டப்படி வெளியான போட்டோவுக்கு 60 வருடம்தான் காப்புரிமை, 1945-ல் வெளியான படம் அதற்கு முன்பே பொதுச் சொத்தாகிவிட்டது. பிரிட்டிஷ் அரசுப் படப்பிடிப்பாளர்கள் 1957 ஜூனுக்கு முன் எடுத்தவற்றுக்கு 50 வருடம், அதுவும் முடிந்தது. ஆனால் மியூசியத்திடமிருந்து பெரிய, தெளிவான பிரதி வேண்டுமென்றால் அதற்குக் கட்டணம் கேட்பார்கள், கடைக்குப் போகும் புத்தகம் என்றால் அவர்கள் நிபந்தனையையும் படித்துவிடுங்கள். உறவுக்காரர்களுக்கு மட்டும் அச்சடிக்கிறீர்கள் என்றால் தளத்தில் உள்ள சின்ன அளவே அரைப்பக்கத்துக்குப் போதும். படத்தின் எண்ணையும் மூலக்குறிப்பையும் அப்படியே கீழே போடுங்கள். உறுதியாகாத ஆளென்றால் ‘இடமிருந்து இரண்டாவது, குடும்பத்தார் சொல்வது’ என்று எழுதுங்கள், பிரிண்டர் இடம் போதாது என்று சொன்னாலும் அந்தக் கடைசி இரண்டு சொல்லை வெட்ட விடாதீர்கள்.